கையைத் தூக்காமல் விட்ட 8 மாதம்

2022 அக்டோபர் முதல் வாரம். திருவனந்தபுரத்தில், மார்பகப் புற்றுநோய்க்கான ரேடியேஷனுக்கு முன்னால் எடுக்கும் சி.டி. ஸ்கேன் மேசையில் படுத்திருக்கிறேன். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ச் சாய்வுப் பலகையின் பிடியில் வைக்கச் சொன்னார்கள். கை தோள் மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. அங்கிருந்த பெண் முழங்கைக்கு அடியில் தாங்கி மெல்ல உயர்த்திப் பார்த்தார். வலி தாங்காமல் கத்திவிட்டேன். கை மேலே போகாவிட்டால் மார்பில் விழவேண்டிய கதிர் கையிலும் விழும், அப்படி வைத்து அளவெடுக்க முடியாது, பிசியோதெரபி செய்து கை ஏறின பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஆபரேஷனையும் ஆறு மாதக் கீமோவையும் தாண்டி வந்தவள், ஒரு கை ஏறாத காரணத்துக்காக ஊருக்குத் திரும்பினேன். ரயிலில் புனலூர் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். ரேடியேஷன் தொடங்க மேலும் ஒரு மாதம்போல ஆனது. அந்த நாளெல்லாம், உள்ளே நோய் திரும்ப முளைக்கிறதோ என்ற பயத்தில் ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லை.

எங்கள் வீடு செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவில். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் மலையாள ராஜ்யத்தோடுதான் இருந்தது. பெரிய நோய் என்றால் மலை தாண்டித் திருவனந்தபுரம் போவது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம். எனக்கு 2022 பிப்ரவரியில், 52 வயதில், வலது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகள் என்கிற நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். மறுநாள் காலை நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, "கை அனக்காதெ இரிக்கருது, கேட்டோ" என்றார். கையை அசைக்காமல் வைத்திருக்கக் கூடாது என்று அர்த்தம். எங்கள் பக்கம் எல்லாருக்கும் மலையாளம் அரைகுறையாகத் தெரியும். 'அனக்க' என்பதும் 'அருது' என்பதும் என் காதில் விழுந்தன, நடுவில் இருந்த 'காதெ' விழவில்லை. அசைக்கக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். தாளில் படம் போட்டு மலையாளத்தில் எழுதியிருந்தது. மருந்து மயக்கத்தில் அதை ஃபைலுக்குள் செருகியதோடு சரி. ஊருக்கு வந்தால் அத்தை, மதினி, பெரியம்மை எல்லாருக்கும் ஒரே பேச்சு. "கையை அசைக்காத தாயி, தையல் விட்டுரும்." சேலையைக் கிழித்துத் தூளி போலக் கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். நர்ஸ் சொன்னதிலும் பிழை இல்லை. சொன்னதை நான் திருப்பிச் சொல்லிக் காட்டி, சரிதானா என்று கேட்டிருந்தால் போதும்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்து என்ன செய்திருக்க வேண்டும் என்று எட்டு மாதம் கழித்துத் தென்காசியில் ஒரு பிசியோதெரபி டாக்டரம்மா சொல்லித் தந்தார். காயத்தில் ஊறும் நீரை வடிக்க வைத்த குழாய் இன்னும் உடம்பில் இருக்கும் நாட்களில் கையை உள்ளங்கையோடு மூடித் திறப்பது 15 முறை, முழங்கையை மடக்கி நீட்டுவது 10 முறை, இரண்டு தோளையும் காதை நோக்கித் தூக்கி இறக்குவதும் பின்பக்கமாகச் சுழற்றுவதும் 10 முறை. இதை ஒரு நாளில் மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். நெஞ்சு விரியும்படி ஆழமாக 5 மூச்சு. இது எல்லாவற்றையும்விட முக்கியம், முகம் கழுவுவது, தலை சீவுவது, சாப்பிடுவது எல்லாம் அந்தக் கையாலேயே. ஒரே ஒரு கட்டுப்பாடு, குழாய் எடுக்கும்வரை முழங்கை தோள் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. முதல் வாரத்திலேயே வீம்பாகத் தலைக்கு மேல் தூக்கினால் தையலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ள வாய்ப்பு கூடும், பிறகு ஊசி வைத்து உறிஞ்ச வேண்டி வரும். படுத்திருக்கும்போது கையைத் தலையணை மேல் நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் உயரமாக, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை முக்கால் மணி நேரம் வைத்திருந்தால் ஆபரேஷன் வீக்கம் வடியும். மார்பகத்தைத் திரும்ப அமைக்கும் ஆபரேஷனையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அவர்கள் சர்ஜன் சொல்லும் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குழாயை எடுத்து, காயம் ஆறியிருக்கிறது என்று சர்ஜன் சொன்ன பிறகு கை முழுசாக ஏற வேண்டும். சுவரைப் பார்த்து ஒரு சாண் தள்ளி நின்று, இரண்டு கை விரல்களாலும் சுவரில் மேலே மேலே நடப்பது முதல் பயிற்சி. எட்டின உயரத்தில் 5 முதல் 10 நொடி நிறுத்தி, விரலாலேயே இறங்கி வர வேண்டும், கையைத் தொப்பென்று விடக் கூடாது. 5 முதல் 10 முறை. பிறகு பக்கவாட்டில் நின்று அதே போல. எட்டின இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நல்ல கை எட்டும் உயரத்துக்கு ஒரு கோடு, இந்தக் கைக்கு ஒன்று. இரண்டு கோட்டுக்கும் இடைவெளி வாரா வாரம் குறைய வேண்டும். இரண்டாவது, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விளக்குமாற்றுக் கம்பையோ குடையையோ இரண்டு கையாலும் பிடித்து, முழங்கை நீட்டியபடி தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. நல்ல கை இழுக்கும், ஆபரேஷன் கை கூடவே போகும். 5 நொடி, 5 முதல் 7 முறை. மூன்றாவது, அதே படுக்கையில் விரல்களைக் கோத்துப் பிடரிக்கு அடியில் வைத்து, முழங்கைகளை மெல்ல விரித்துப் பாயில் படவிடுவது. நான்காவது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் ஒன்றோடொன்று சேர்ப்பது. வெந்நீரில் குளித்தவுடன் செய்தால் சதை இளகிக் கொடுக்கும். இழுக்கிற மாதிரி இருந்தால் சரி, குத்துகிற வலி வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். காலையும் மாலையும் செய்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பெரும்பாலோருக்குப் பழைய அளவு வந்துவிடும் என்றார். எனக்கு அந்த எட்டு வாரமும் தூளியில் போனது.

இதில் பலரை மிரட்டும் ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில், கையை விரித்தால் அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கு அடியில் கொடிக்கயிறு கட்டியது போல ஒன்று புடைத்து இழுக்கும். எனக்கு வந்தபோது நோய்தான் கைக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் கையை இன்னும் ஒடுக்கி வைத்துக்கொண்டேன். நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு இது சாதாரணமாக வருவது, புற்றுநோய் இல்லை. நீட்டிப் பயிற்சி செய்யச் செய்ய சில மாதத்தில் தானாகவே இளகும். அதற்குப் பயந்து கையை மடக்கினால்தான் தோள் இறுகும்.

அடுத்தது கீமோ. சிவப்பு மருந்து என்று சொல்கிற ஊசியோடு 21 நாளுக்கு ஒரு தடவையாக 4, பிறகு பாக்லிடாக்ஸல் என்ற இன்னொரு மருந்து வாராவாரம் 12. இந்த 24 வாரமும் வீட்டில் என்னை எழவிடவில்லை. அசதி என்றால் படு, படுத்தால் சாப்பிடு. ஆட்டுக்கால் சூப்பு, சத்துமாவு, சர்க்கரை போட்ட பழச்சாறு, வாய் கசக்கிறதே என்று பிரானூர் பார்டரிலிருந்து பொரோட்டாவும் கோழியும். புற்றுநோய் என்றால் ஆள் இளைப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கீமோவில் எடை ஏறுவதும் நிறைய நடக்கிறது. 58 கிலோ இருந்தவள் 65 ஆனேன், ஆனால் தொடையிலும் கையிலும் சதை கரைந்துவிட்டது. ஆகஸ்டில் ஒரு நாள், இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தவள் எழ முடியாமல், மகளைக் கூப்பிட்டுத் தூக்கிவிடச் சொன்னேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. கீமோ அசதி, வேலை செய்த களைப்பு மாதிரி தூங்கினால் போகிற அசதி இல்லை. படுக்கப் படுக்கத் தசை குறையும், தசை குறைந்த உடம்புக்கு எழுந்து நடப்பதே பெரிய வேலையாகும், அதனால் இன்னும் அசதி வரும். இந்தச் சுற்றை உடைக்க இருக்கிற மருந்தில் நல்ல மருந்து நடைதான் என்று பிறகு தெரிந்தது.

இப்போது கீமோவில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது. 21 நாள் சுற்று என்றால் முதல் மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை 10 நிமிடம் இரண்டு தடவை. 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் மிகவும் கீழே இறங்கும், அப்போது சந்தை, கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் போகாமல் முற்றத்திலோ மொட்டை மாடியிலோ 15 நிமிடம் இரண்டு தடவை. மூன்றாம் வாரம்தான் உடம்பு திரும்பும் வாரம், 25லிருந்து 30 நிமிடம் ஒரே நடையாக நடக்கலாம். வேகத்துக்கு அளவு, நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக் கூடாது. முடியாத நாளில் பாதி நடங்கள், முழுசாக விடாதீர்கள். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 8 முறை, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு 8. டாய்லெட்டில் எழ முடியாத நிலை வராமல் தடுப்பது இந்த ஒன்றுதான். சாரல் மாதங்களில் எங்கள் பக்கம் முற்றமெல்லாம் பாசி பிடித்து வழுக்கும், அப்போது திண்ணைக்கும் அடுக்களைக்கும் நடுவில் நடந்தால் போதும்.

நடக்கக் கூடாத நேரங்களும் உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடையாவது ஒன்றாவது, உடனே ஆஸ்பத்திரி. பாராசிட்டமால் போட்டுக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது, ஏனென்றால் அணுக்கள் குறைந்த உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவும். எங்களைப் போல மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள், திருவனந்தபுரம் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து ஆண்டிபயாட்டிக் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு அங்கே பேச வேண்டும். தெர்மாமீட்டரும், கடைசிக் கீமோ சீட்டும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே, பிளேட்லெட் 50,000-க்குக் கீழே என்றால் எடைப் பயிற்சி வேண்டாம், நடையையும் டாக்டரைக் கேட்டுத்தான். நெஞ்சுவலி, தலைசுற்றல், ஒரு கால் மட்டும் கெண்டையில் வலித்து வீங்குவது இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை விட்டு டாக்டரிடம் போக வேண்டும், அந்தக் கால் வீக்கம் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். பாக்லிடாக்ஸல் போடும்போது பாதம் மரத்துப்போகும். எனக்கு வயல் வரப்பில் முள் ஏறியது தெரியாமல் சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பின்பக்கம் வார் உள்ள செருப்பு, ராத்திரி உள்ளங்காலைக் கண்ணால் பார்ப்பது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் 10 நொடி நிற்பது இந்த மூன்றையும் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நான் செய்த பிழை, சத்து என்ற பெயரில் சர்க்கரையும் எண்ணெயும் உள்ளே போனது, புரதம் போகவில்லை. சூப்பில் எலும்பின் வாசனைதான் அதிகம், தசை கட்டுகிற சரக்கு குறைவு. சிகிச்சைக் காலத்தில் ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும் என்றார் உணவு ஆலோசகர், 60 கிலோ ஆளுக்கு 72 கிராம். கணக்குப் போட்டால் கஷ்டமில்லை. முட்டை இரண்டில் 12, வேகவைத்த பாசிப்பயறு ஒரு கப்பில் 10, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13, கொல்லத்திலிருந்து மலையேறி வரும் சாளை மீன் 100 கிராமில் 20, மிச்சம் இட்லி சோற்றிலேயே வந்துவிடும். மீன் தின்னாதவர்களுக்குச் சுண்டலும் சோயா உருண்டையும். அணுக்கள் குறைந்த நாட்களில் எதையும் நன்றாக வேகவைத்துச் சூடாகச் சாப்பிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் இந்த அளவைத் தானாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

பணம் போன கதைக்கு வருகிறேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கட்டி கரையும் என்று ஒரு மூலிகைப் பொடி வாங்கினோம். மாதம் 4,500 ரூபாய், மூன்று மாதம். என்ன இலை, என்ன வேர் என்று டப்பாவில் எழுதியிருக்கவில்லை. மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவுகள் ஏறி, ஒரு கீமோவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். டாக்டர் கேட்டபோதுதான் பொடியைச் சொன்னேன். நிறுத்தினேன், அளவு இறங்கியது. கீமோ மருந்தை உடைத்து வெளியேற்றுவது பெரும்பாலும் ஈரல்தான். அதற்கு வேறு ஒரு சுமை ஏற்றக் கூடாது. எந்த மருந்து சாப்பிட்டாலும், அது வீட்டு வைத்தியமாகவே இருந்தாலும், டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்தது இன்னும் கொடுமை. ரேடியேஷன் மேசையிலிருந்து திருப்பி அனுப்பிய பயத்தில், கை சீக்கிரம் ஏற வேண்டுமே என்று மலைக்கு அந்தப் பக்கம் ஓர் இடத்தில் எண்ணெய் பிழிந்து உருவ ஏழு நாள் போனேன். நாளைக்கு 1,200 ரூபாய், தங்கினதும் சாப்பிட்டதும் தனி, மொத்தம் 12,000. முழங்காலால் அழுத்துகிற மாதிரி அக்குளையும் தோளையும் உருவினார்கள். ஆறாம் நாள் வளையல் இறுகியது. ஏழாம் நாள் புறங்கை உப்பி, விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. அன்று ராத்திரி எனக்கு வந்த ஆத்திரம் அவர்கள் மேலா என் மேலா என்றே தெரியவில்லை. நெறிக்கட்டிகளை எடுத்த பிறகு கையிலிருந்து நிணநீர் வடிந்து போகும் பாதை குறுகிவிடும். அக்குள் நெறிக்கட்டிகளை முழுசாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எப்போதாவது கை வீக்கம் வருகிறது, ஓரிரண்டு முடிச்சை மட்டும் சோதனைக்கு எடுத்தவர்களுக்கு மிகவும் குறைவு. பலமாக உருவினால் அங்கே ரத்த ஓட்டமும் கசிவும் கூடும், வடிகிற வழி கூடாது. நிணநீரை வடியவைக்கும் உருவல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. அது இறகால் தடவுகிற அளவுக்குத்தான் அழுத்தம், படித்தவர்கள்தான் செய்ய வேண்டும்.

வீக்கத்தைக் கண்டதும் கடையில் ஆயத்தமாக விற்கும், கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்த உறை ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். மணிக்கட்டில் இறுக்கியது, மேலே தளர்ந்து கிடந்தது, அதனால் புறங்கை இன்னும் வீங்கியது. அழுத்த உறை அளவெடுத்து வாங்க வேண்டிய பொருள். முதலில் சில நாள் பல அடுக்குக் கட்டுப் போட்டு வீக்கத்தை வடியவைத்து, அதற்குப் பிறகு அளவெடுத்தால்தான் பொருந்தும். பகலில் போட்டு ராத்திரி கழற்ற வேண்டும், துவைத்து மாற்ற இரண்டு வேண்டும், ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். வீக்கம் இல்லாதவர்களும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே இரண்டு கையையும் அளந்து வைத்துக்கொள்வது நல்லது. தையற்காரர் இஞ்சு டேப் போதும். மணிக்கட்டு எலும்பில் தொடங்கி 10 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாக அக்குள்வரை அளந்து, மாதம் ஒரு முறை அதே நேரத்தில் எழுதுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் மற்றக் கையைவிட 2 சென்டிமீட்டர் கூடினால், அல்லது கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது என்று தோன்றினாலே போய்க் காட்டுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் அடங்கும், வருடக்கணக்கில் விட்டால் தோல் தடித்துப்போகும். தோலைப் புண்ணில்லாமல் காப்பதும் இதில் சேர்ந்தது. தோட்ட வேலைக்குக் கையுறை, சின்னக் கீறலுக்கும் உடனே கழுவி மருந்து, தோல் வறளாமல் தேங்காயெண்ணெய் மெல்லத் தடவுவது. கை சிவந்து சூடாகி, கூடவே குளிரும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆண்டிபயாட்டிக் வேண்டும்.

குடம் தூக்காதே, பை தூக்காதே என்று ஊரெல்லாம் சொல்கிறது. அதைக் கேட்டுக் கையைச் சும்மா வைத்தால் கை இன்னும் பலவீனமாகும், பிறகு ஒரு நாள் வேறு வழியில்லாமல் பேரனைத் தூக்கும்போது வீங்கும். 2009-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஓர் ஆண்டு வாரம் இரண்டு முறை எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை, வீக்கம் திடீரென்று மோசமாவது தூக்காதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. சூட்சுமம், எடையை மெல்ல ஏற்றுவதில் இருக்கிறது. நான் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினேன். முழங்கையை மடக்குவது 10, கையை முன்னால் தோள்வரை தூக்குவது 10, சுவரில் கையூன்றித் தள்ளுவது 8, ஒவ்வொன்றும் இரண்டு சுற்று, நடுவில் ஒரு நாள் இடைவெளி. வீக்கம் உள்ளவர்கள் உறையைப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். மறுநாள் கை கனக்காமல் இருந்தால் இன்னும் ஒரு தடவை அதே எடை, அதற்குப் பிறகுதான் கூட்டுவது. அரைக் கிலோவிலிருந்து 2 கிலோவுக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது. ஒரு வாரம் விட்டுப்போனால் பழைய எடையில் தொடங்காமல் ஒரு படி இறங்கித் தொடங்குவேன்.

தென்காசி டாக்டரம்மாவிடம் மூன்று வாரம் தினமும் போனேன். நாளைக்கு 300 ரூபாய், 21 நாள், 6,300. முதல் நாள் சுவரில் 118 சென்டிமீட்டரில் கோடு விழுந்தது. மூன்றாம் வாரம் 171. கை மேசையில் பொருந்தியது, 15 நாள் ரேடியேஷன் ஓடியது. ரேடியேஷன் முடிந்தாலும் நீட்டிப் பயிற்சியை நிறுத்தக் கூடாது, கதிர் பட்ட தசை அதற்குப் பிறகும் பல மாதம் இறுகிக்கொண்டே வரும். அந்த நாட்களில் தோல் கறுத்து உரிந்தால் வியர்வை ஊறாமல் தளர்ந்த பருத்திச் சட்டையோடு செய்ய வேண்டும்.

இப்போது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரசோல் மாத்திரை தினமும் ஒன்று. காலையில் விரல் மடங்காது, முழங்கால் பிடித்துக்கொள்ளும், நிறையப் பேர் இதனாலேயே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத மாத்திரை அது. நடையும் எடைப் பயிற்சியும் இந்த வலியைக் குறைக்கின்றன, மாத்திரையால் எலும்பு மெலிவதைத் தடுக்கவும் எடை தாங்கும் பயிற்சி வேண்டும். வாரம் ஐந்து நாள் 30 நிமிடம் நடை, இரண்டு நாள் பாட்டில், தினமும் 5 நிமிடம் சுவர். இவ்வளவுதான் என் வாரம். 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று மாதம் ஒரு தடவை எண்ணுவேன். கீமோ முடிந்தபோது 6, இப்போது 14.

உடற்பயிற்சி கீமோவுக்கோ ஆபரேஷனுக்கோ மாற்று இல்லை. நடக்காததால்தான் உனக்கு வந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், வயல் வேலை செய்த பெண்கள் எத்தனையோ பேர் என்னோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பலன் உண்டு. 2025-ல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் பாதிப்பேருக்கு மூன்று ஆண்டு பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி, மறுபாதிக்கு ஆரோக்கிய அறிவுரைப் புத்தகங்கள் மட்டும். ஐந்தாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 100-க்கு 80 பேர், மறுபக்கம் 74. எட்டாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 90, மறுபக்கம் 83. மார்பகத்துக்கு இவ்வளவு உறுதியான சோதனை இல்லை, ஆனால் பல மார்பகக் கட்டிகளை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜனை, மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் கொழுப்புத் திசுதான் உண்டாக்குகிறது என்பது தெரிந்த விஷயம். அதனால் என் அக்காவையும் மகளையும் வாரம் 150 நிமிட நடைக்கு இழுத்துவிட்டேன். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் பார்ப்பார்கள், மூவரும் போனோம். அத்தைக்கு வெற்றிலைப் பழக்கம். பாக்கே, புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004 அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அத்தை புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை இன்னும் விடவில்லை, தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பொடிக்கு 13,500, உருவலுக்கு 12,000, பொருந்தாத உறைக்கு 900, திரும்பி வந்த பயணத்துக்கும் அறைக்கும் 4,800, பிசியோவுக்கு 6,300. மொத்தம் 37,500 ரூபாய். இதில் பிசியோவைத் தவிர எதுவும் பயன்படவில்லை, அதுவும் முதல் வாரமே கையை அசைத்திருந்தால் இவ்வளவு வேண்டியிருந்திருக்காது. ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் இலவசம், கூட வருகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை, ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கினால் போதும். அதுகூடத் தெரியாமல் முதல் நான்கு பயணம் முழுக் காசு கொடுத்தோம்.

மலை தாண்டிச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கிடைக்காவிட்டால், டிஸ்சார்ஜ் ஆகும் முன் பிசியோ அறையைத் தேடிப் போய், ஒவ்வொரு பயிற்சியையும் செய்து காட்டச் சொல்லி, அனுமதி கேட்டு ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்வியை அவர்கள் பேச்சிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கை என்னு முதல் எத்ர பொக்காம்?" எந்த நாளிலிருந்து எவ்வளவு உயரம் தூக்கலாம் என்று அர்த்தம். அவர்கள் சொல்லும் பதிலைத் தேதியோடு தமிழில் எழுதி, அவர்களிடமே திருப்பி வாசித்துக் காட்டிவிட்டு வண்டி ஏறுங்கள்.